ஆமோஸ் ஆக்ஸ்ப்ரிங்கின் தொழில்

இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரில், வால்க்லி மேட்டில், ஹிப்பர்ட் குடும்பத்தின் மீன் வறுவல் கடை இருக்கிறது. வெள்ளிக்கிழமை மாலையானால் வரிசை கடைவாசலைத் தாண்டி, தபால்பெட்டியைத் தாண்டி, தெரு வளைவு வரைக்கும் நீளும். அந்த வரிசையில் ஆக்ஸ்ப்ரிங் வீட்டு ஆள் ஒருவர்கூட நின்றது கிடையாது. அவ்ரில் ஆக்ஸ்ப்ரிங் சிறுமியாக இருந்தபோது அவளுடைய அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டு அந்தக் கடையைக் கடப்பார். மழையோ பனியோ, மூச்சிரைக்க மேடேறிப் போய் அடுத்த பேட்டைக் கடையில்தான் வாங்குவார். வீடு வந்து சேர்வதற்குள் மீன் ஆறி, உருளைக்கிழங்கு வறுவல் நமுத்துப் போயிருக்கும். யாரும் முணுமுணுக்க மாட்டார்கள்.

காரணம் கேட்டால் ஒரே பதில்தான். "ஆமோஸ் செத்ததும் எல்லாம் ஹிப்பர்ட் வீட்டுக்குப் போயிடுச்சு."

ஆமோஸ் என்பவர் அப்பாவின் கொள்ளுத்தாத்தா. அந்த 'எல்லாம்' என்னவென்று அப்பா சொன்னதில்லை. அதை நிரப்பியவன் அவ்ரிலின் அண்ணன் டெஸ்மண்ட். கம்பளம் விற்றுப் பிழைத்தவன். வாய் கொஞ்சம் நீளம். ஆமோஸ் களிமண் வியாபாரி என்பது அவர் மகனின் கல்யாணப் பதிவைப் படித்த யாரோ சொன்ன செய்தி. மீதியெல்லாம் டெஸ்மண்டின் கைவண்ணம். முதலில் ஒரு வண்டி இருந்தது. சில வருஷத்தில் வண்டிகள் ஆயின. பிறகு குதிரைகள், கால்வாய் ஓரத்தில் ஒரு கிடங்கு, கடைசியாக ஏமாற்றுக்காரக் கூட்டாளி ஹிப்பர்ட். பப்பில் இரண்டாவது கோப்பை பீர் உள்ளே போனதும் டெஸ்மண்ட் ஆரம்பித்துவிடுவான். "வியாபாரி ரத்தம்டா இது. மண்ணை வித்தே பொன்னாக்கினவங்க நாங்க."

அவ்ரில் நகரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள். அண்ணனுக்கு எழுபது வயது நிறையப் போகிறது, என்ன வாங்கிக் கொடுப்பது என்று யோசித்தபோதுதான் அவளுக்கு அந்த எண்ணம் தோன்றியது. பழைய மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஆமோஸின் பெயர் இருக்கும் பக்கத்தை எடுத்துச் சட்டம் போட்டுக் கொடுத்தால் என்ன? சுவரில் மாட்டி வைத்துக்கொண்டு ஆயுசுக்கும் பேசுவான்.

நூலகத்துக் கணினியில் பெயரைத் தட்டியதும் கிடைத்துவிட்டது. ஆயிரத்து எண்ணூற்று எழுபத்தொன்று. ஆமோஸ் ஆக்ஸ்ப்ரிங், மனைவி ஹெப்ஸிபா, இரண்டு வயது மகன் வால்ட்டர். தொழில் என்ற இடத்தில் யாரோ தட்டச்சு செய்து வைத்திருந்தார்கள்: களிமண் வியாபாரி. அவ்ரிலுக்கு வாயெல்லாம் பல். அசல் பக்கத்தின் படத்தைப் பெரிதாக அச்செடுத்து, சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

சாப்பாட்டு மேசையில் விரித்து, நாலு மூலைக்கும் நாலு கோப்பையை வைத்துவிட்டு நிதானமாகப் பார்த்தபோதுதான் முகவரி கண்ணில் பட்டது. தெருப்பெயருக்கு முன்னால் 'கோர்ட்' என்று இருந்தது. அவ்ரில் இருபது வருஷத்துக்கு மேல் அந்தத் தெரு வழியாகப் பேருந்து ஓட்டியவள். அங்கே ஒரு காலத்தில் 'கோர்ட்' என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியும். ஒரு முற்றத்தைச் சுற்றி முதுகோடு முதுகு ஒட்டிய பத்துப் பன்னிரண்டு வீடுகள். எல்லாருக்கும் பொதுவாக ஒரு குழாய், ஒரு கழிப்பறை வரிசை. வண்டியும் குதிரையும் கிடங்கும் வைத்திருந்த மனிதன் அங்கே எதற்குக் குடியிருக்கிறான்?

கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு குனிந்தாள். அந்தக் காலத்தில் வீடு வீடாகப் போய் எழுதியவர் ஒருவர். லண்டனில் உட்கார்ந்து அதைக் கூட்டிக் கணக்குப் போட்ட குமாஸ்தா வேறொருவர். அந்தக் குமாஸ்தா, எண்ணிய தொழில்களின் மேலெல்லாம் பென்சிலால் ஒரு கோடு இழுத்துவிட்டுப் போயிருந்தான். ஆமோஸின் தொழில் மேலேயும் ஒரு கோடு. அந்தக் கோட்டுக்கு அடியில் ஏதோ ஒன்று ஒளிந்திருந்தது. பக்கத்து வரிகளில் அதே கை எழுதிய எழுத்துகளை ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்த்தாள். கோட்டுக்குக் கீழே ஒரு சின்னச் சுழி தெரிந்தது. ஓர் எழுத்து. ஆங்கிலத்தில் வியாபாரிக்கு 'ட்ரேடர்' (trader); நடுவில் அந்த 'e' சேர்ந்தால் அது வியாபாரி இல்லை, 'ட்ரெடர்' (treader). மிதிப்பவன்.

களிமண் மிதிப்பவன்.

பிறந்தநாள் வரைக்கும் பொறுக்க அவளால் முடியவில்லை. மறுநாள் காலையிலேயே டெஸ்மண்ட் வீட்டுக்குப் போய்விட்டாள். அவன் அடுப்படியில் பன்றி இறைச்சி வறுத்துக்கொண்டிருந்தான். விஷயத்தைக் கேட்டதும் கரண்டியைக் கீழே வைத்தான்.

"மிதிக்கிறவனா? எதை மிதிக்கிறவன்?"

"களிமண்ணை. வெறுங்காலால."

"எதுக்கு?"

"அது இன்னும் தெரியல."

"தெரியாம வந்து சொல்லிட்டாளாம்! அவ்ரில், பஸ் கண்ணாடி வழியா பாத்துப் பாத்து உனக்குக் கண்ணு கெட்டுப்போச்சு. கம்ப்யூட்டர்லயே வியாபாரின்னு போட்டிருக்கு, நீ எழுத்தைத் தோண்டிக்கிட்டு இருக்க."

"நீயே பாரு. பூதக்கண்ணாடி கொண்டாந்திருக்கேன்."

டெஸ்மண்ட் வாங்கிப் பார்த்தான். வெகு நேரம் பார்த்தான். இறைச்சி கருகும் வாசனை வந்தது. அவன் கழுத்து மெல்லச் சிவந்தது.

"எழுபது வருஷமா வியாபாரிப் பேரனா இருந்தேன்," என்றான். "பிறந்தநாள் பரிசா என்னைச் சேத்துல இறக்கிவிட்டுட்ட. ரொம்ப நன்றி."

அவ்ரிலுக்குச் சங்கடமாகிவிட்டது. பேச்சை மாற்ற, அதே பக்கத்தில் அடுத்த வீட்டைக் காட்டினாள். "பக்கத்து வீட்டுக்காரன் யாருன்னு பாத்தியா? ஈனோக் ஹிப்பர்ட்."

"திருட்டுப் பய! என்ன தொழில்?"

"'வெளியே இழுப்பவர்'னு போட்டிருக்கு."

"என்னத்த வெளியே இழுக்கிறவன்? பல்லையா?"

"பல் டாக்டர் கோர்ட் வீட்டுலயா இருப்பாரு?"

"அப்ப மத்தவன் சட்டைப்பையில இருந்து இழுத்திருப்பான். நான்தான் அப்பவே சொன்னேனே," என்றான் டெஸ்மண்ட். சொன்னானே தவிர, சிரிக்கவில்லை.

இரண்டு தொழில்களுக்கும் அர்த்தம் தேடி அவ்ரில் மறுபடி நூலகத்துக்குப் போனாள். அங்கே அவளுக்கு முதலில் கிடைத்தது அர்த்தம் அல்ல, அடுத்த கணக்கெடுப்பு. பத்து வருஷம் கழித்து எடுத்தது. அதில் ஆமோஸைத் தேடினாள், இல்லை. ஹெப்ஸிபாவைத் தேடினாள், இல்லை. கல்லறைப் பதிவில் இருந்தார்கள். முதல் கணக்கெடுப்பு முடிந்த அதே குளிர்காலத்தில், நகரமெங்கும் பெரியம்மை பரவியபோது, ஒரே வாரத்தில் இருவரையும் புதைத்திருந்தார்கள்.

அப்படியென்றால் வால்ட்டர்? இரண்டு வயதுப் பிள்ளை தப்பிப் பிழைத்திருக்காவிட்டால் இந்த நாற்காலியில் அவள் உட்கார்ந்திருக்க முடியாது. பெயரைத் தட்டினாள். வந்தது.

ஈனோக் ஹிப்பர்ட், குடும்பத் தலைவர். தொழில், எஃகு உலையில் வெளியே இழுப்பவர். செலினா, மனைவி. ஜேபெஸ், மகன், வயது பன்னிரண்டு. தொழில், உலைக்குக் கீழே நிலவறையில் சாம்பல் அள்ளும் பையன். வால்ட்டர் ஆக்ஸ்ப்ரிங், வளர்ப்பு மகன், வயது பன்னிரண்டு. தொழில், பள்ளி மாணவன்.

அவ்ரில் அந்த இரண்டு வரிகளையும் திரும்பத் திரும்பப் படித்தாள். அம்மை நோய் கண்ட வீட்டிலிருந்து ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள், அதே வயதில் தங்கள் குழந்தை தொட்டிலில் கிடக்கும்போது. பெயரைக்கூட மாற்றவில்லை, ஆக்ஸ்ப்ரிங்காகவே விட்டிருக்கிறார்கள். பெற்ற பிள்ளை சாம்பல் அள்ளப் போனான். வளர்ப்புப் பிள்ளை பள்ளிக்கூடம் போனான். அந்தப் படிப்பால்தான் வால்ட்டர் எஃகுக் கம்பெனி அலுவலகத்தில் எழுத்தரானார் என்பது அவளுக்கு முன்பே தெரியும். அதில் ஆரம்பித்ததுதான் இவர்கள் குடும்பத்தின் வெள்ளைக் காலர்.

'ஆமோஸ் செத்ததும் எல்லாம் ஹிப்பர்ட் வீட்டுக்குப் போயிடுச்சு.' ஒரு படுக்கை, இரண்டு சட்டி, ஒரு குழந்தை. போனது உண்மைதான். யாரோ ஒருவர் பொய்யே கலக்காமல் சொன்ன வாக்கியம், வாய் மாறி வாய் மாறி ஒரு நல்ல குடும்பத்தைத் திருடர்களாக்கிவிட்டிருந்தது. அவ்ரிலுக்குக் காதெல்லாம் சூடேறியது.

அன்று வெள்ளிக்கிழமை. நூலகத்திலிருந்து நேராக வால்க்லி மேட்டுக்குப் போய், தபால்பெட்டிக்குப் பின்னால் வரிசையில் நின்றாள்.

கடையில் நின்றவள் மேக்சின் ஹிப்பர்ட். அறுபதைத் தொட்ட, தோள் அகன்ற பெண். கையில் மாவு, நெற்றியில் வேர்வை.

"என்ன வேணும் கண்ணு?" ஷெஃபீல்டில் யாரும் யாரையும் கண்ணு என்றுதான் அழைப்பார்கள், அதை நம்பி உருகிவிடக் கூடாது.

"ஒரு மீன், ஒரு உருளைக்கிழங்கு. அப்புறம்... என் பேரு அவ்ரில் ஆக்ஸ்ப்ரிங்."

மேக்சினின் கை நின்றது. "ஆக்ஸ்ப்ரிங்கா? எதிர்ப்பக்கமா மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போவீங்களே, அந்த ஆக்ஸ்ப்ரிங்கா? எங்க அப்பா உங்க அப்பாவுக்குத் தினம் கையாட்டுவாரு. ஒரு நாளும் திரும்பக் காட்டினதில்ல. எங்க மீன்ல என்ன குறைன்னு சாகுற வரைக்கும் கவலைப்பட்டாரு மனுஷன்."

வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவ்ரில் அன்று நூலகத்தில் அச்செடுத்த தாளைக் கடை மேசைக் கண்ணாடிக்கு மேலாக நீட்டினாள். மேக்சின் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். கொதிக்கும் எண்ணெயையும் காத்திருக்கும் கூட்டத்தையும் மறந்து படித்தாள்.

"ஜேபெஸ் எங்க பாட்டனுக்கு அப்பா," என்றாள். "பக்கத்துல வால்ட்டர்னு இன்னொரு பையன் வளந்தான்னு தெரியும். உங்க வால்ட்டர்னு தெரியாது. அவன் நல்லா எழுதுவான், ஜேபெஸுக்குக் கல்யாணக் கடுதாசி எல்லாம் அவன்தான் எழுதிக் கொடுத்தான்னு சொல்லுவாங்க." பிறகு தலையைத் தூக்கினாள். "ஆமா, எங்க ஆள் சாம்பல் அள்ளிருக்கான், உங்க ஆள் பள்ளிக்கூடம் போயிருக்கான். இது என்ன நியாயம்?"

"அதைக் கேக்கத்தான் வந்தேன்."

"எனக்கு எப்படிக் கண்ணு தெரியும்? இந்த ஆமோஸ் என்ன பண்ணாரு?"

"களிமண் மிதிச்சாரு."

மேக்சின் முகம் சட்டென்று மாறியது. உள்ளே மாவு கரைத்துக்கொண்டிருந்த தன் மகளைத் திரும்பிப் பார்த்தாள். "எங்க வீட்டுல ஒரு பேச்சு உண்டு. மாவு கரைச்சு முடிச்சா 'மிதிச்சாச்சா?'ன்னு கேப்போம். கட்டி இல்லாம இருக்கான்னு அர்த்தம். எங்க அப்பா கேப்பாரு, அவங்க அப்பா கேப்பாரு. கையால கரைக்கிற மாவுக்கு எதுக்கு மிதிக்கிற பேச்சுன்னு ஒருத்தருக்கும் தெரியாது."

பின்னால் நின்ற கிழவர் பொறுமையிழந்தார். "நீங்க உறவு கொண்டாடி முடிக்கிறதுக்குள்ள என் மீனு கரியாயிடும்மா!"

நகரத்தின் தெற்கே ஓடைக்கரையில் பழைய எஃகுப் பட்டறை ஒன்றை இடிக்காமல் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். மார்ச் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பொதுமக்களுக்காக அதன் வேலைக்கூடங்களைத் திறந்தார்கள். அவ்ரில் மேக்சினோடு பேசி வைத்துக்கொண்டாள். நூலகத்தில் கண்டதையெல்லாம் அவ்ரில் சொல்லியும் டெஸ்மண்ட் வரமாட்டேன் என்று அடம்பிடித்தான். முழங்கால் வலி, தூறல், டிவியில் கால்பந்து. "வா, வந்து திட்டிட்டாவது போ," என்று அவ்ரில் காரில் ஏற்றினாள். மேக்சினைப் பார்த்ததும் அவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"நீங்கதான் எங்க கிடங்கைத் திருடினவங்களா?"

"ஆமா கண்ணு. குதிரையை மட்டும் வறுத்து வித்துட்டோம்," என்றாள் மேக்சின். டெஸ்மண்டுக்கு அதற்குமேல் முறைப்பை வைத்துக்கொள்ள முடியவில்லை.

மூவரும் உருக்குக் கூடத்துக்குள் நுழைந்தார்கள். உயரமான, கரி படிந்த அறை. ஒரு பக்கச் சுவர் முழுக்கப் புகைபோக்கி. தரையில் வரிசையாகச் சதுரக் குழிகள், அவற்றுக்கு இரும்பு மூடிகள். குழிக்குள்தான் உலை. எதிர்ச் சுவரின் பலகைகளில் மண்ணால் செய்த உருக்குக் கலங்களான மூசைகள், முழங்கால் உயரத்துக்கு, வாய் குறுகி, சாம்பல் நிறத்தில் காத்திருந்தன.

இடத்தைச் சுற்றிக் காட்டிய பெண் சொன்னாள்: இரும்புத் துண்டுகளை இந்த மூசைக்குள் போட்டு, குழிக்குள் இறக்கி, சுற்றிலும் கல்கரியைக் கொட்டி எரிப்பார்கள். மணிக்கணக்காக எரிந்து, உள்ளே இருப்பது பாலைப்போல் வெளுத்துக் கொதிக்கும்போது, அதை மேலே எடுக்க வேண்டும். அதற்கு இயந்திரம் கிடையாது. ஒரு மனிதன் கால் முதல் இடுப்பு வரை ஈரச் சாக்கைச் சுற்றிக்கொண்டு, எரியும் குழியின் இரண்டு பக்கமும் கால் வைத்து நின்று, நீண்ட குறடால் மூசையைக் கவ்வி, ஒரே மூச்சில் தன் கால்களுக்கு நடுவே மேலே தூக்குவான். வெளியே இழுப்பவர் என்றால் அவர்தான். சாக்கு கருகிப் புகையும். மூன்று நாலு எண்ணுவதற்குள் தூக்கி வைத்துவிட வேண்டும்.

"மூசை அப்ப உடைஞ்சா?" டெஸ்மண்ட் கேட்டான்.

"உடைஞ்சா, இழுக்கிறவர் காலு மேலதான்," என்றாள் அந்தப் பெண்.

அவள் பேச்சு மேலே போய்க்கொண்டிருந்தது. மூசை எதனால் உடையும்? மண்ணில் எள்ளளவு கல் இருந்தாலோ, காற்றுக் குமிழி ஒன்று மாட்டிக்கொண்டிருந்தாலோ அந்தச் சூட்டில் அங்கேதான் விரிசல் விடும். சல்லடைக்கும் இயந்திரத்துக்கும் அகப்படாத கல்லை மனிதனின் உள்ளங்கால் கண்டுபிடித்துவிடும். அதனால் காலை முழுக்க ஒருவர் வெறுங்காலோடு அந்த மண்ணின் மேல் நடப்பார். விளிம்பிலிருந்து நடு வரை, நடுவிலிருந்து விளிம்பு வரை, ஒரு விரல்கடைகூட விடாமல். எங்கேயாவது நெருடினால் குனிந்து, கிள்ளி எடுத்து எறிந்துவிட்டு, மறுபடி நடப்பார்.

அவ்ரில் குழியின் விளிம்பில் நின்றிருந்தாள். ஓடு போட்ட கூரையில் தூறல் விழும் சத்தம் கேட்டது. ஒரு முற்றத்தில் அடுத்தடுத்த இரண்டு வீடுகளை அவள் நினைத்துப் பார்த்தாள். ஒரு வீட்டுக்காரன் மண்ணை மிதித்துவிட்டு வருகிறான். அடுத்த வீட்டுக்காரன், அவன் மிதித்த மண்ணுக்குள் நெருப்பை வைத்துத் தன் கால்களுக்கு நடுவே தூக்குகிறான். இவன் ஒரு கணம் அசந்து ஒரு சிறு கல்லை விட்டிருந்தால் அவனுக்குக் கால் இல்லை. அவன் தினமும் தூக்கினான். தினமும் இரண்டு காலோடு வீட்டுக்கு வந்தான். இதற்கெல்லாம் அவர்கள் ஒருவருக்கொருவர் என்ன சொல்லிக்கொண்டிருப்பார்கள்? ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள். குழாயடியில் குளிரைப் பற்றிப் பேசியிருப்பார்கள். கணக்கெடுக்க வந்தவர் கேட்டபோது, இந்த வாசலில் ஒரு சொல், அந்த வாசலில் ஒரு சொல். அவரும் எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போயிருப்பார்.

கோயில்களிலும் அரண்மனைகளிலும் நிற்கும்போதுகூட அவளுக்கு இப்படித் தோன்றியதில்லை. தொப்பியைக் கழற்ற வேண்டும்போல இருந்தது, கழற்றினாள்.

மேக்சின் குழியை எட்டிப் பார்த்துவிட்டுத் தன் கால்களைப் பார்த்தாள். "ஈனோக் தொண்ணூறு வயசு வரைக்கும் கைத்தடி இல்லாம நடந்தாராம்," என்றாள். "அதை ஒரு சாதாரணச் சேதியாத்தான் எங்க வீட்டுல சொல்லுவாங்க."

"அதுக்காகத்தான் வால்ட்டரை எடுத்து வளத்தாங்களா?" டெஸ்மண்ட் கேட்டான்.

"தெரியாது. பக்கத்து வீட்டுல குழந்தை அழுதிருக்கும். செலினா போய்த் தூக்கியிருப்பா. அவ்வளவுதானோ என்னவோ."

"பள்ளிக்கூடம்?"

"அதுவும் தெரியாது. ஜேபெஸ் படிக்க மாட்டேன்னு ஓடியிருப்பான். எங்க குடும்பத்துல அது நடக்கக்கூடியதுதான்."

பக்கத்துக் கூடத்தில், வந்தவர்கள் முயன்று பார்ப்பதற்காகக் கல்தரையில் களிமண்ணைப் பரப்பி ஈரம் தெளித்து வைத்திருந்தார்கள். இரண்டு சின்னப் பெண்கள் கூச்சலிட்டுக்கொண்டு ஏறி, குளிர் தாங்காமல் அதே வேகத்தில் இறங்கினார்கள். டெஸ்மண்ட் ஓரமாகக் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு, சிரமப்பட்டு ஷூ நாடாவை அவிழ்த்தான்.

"என்னடா பண்ற?" என்றாள் அவ்ரில்.

"வியாபாரி இல்லைன்னு ஆயிடுச்சு. மிதிக்கவாவது வருதான்னு பாக்கறேன். கையைக் குடு."

காலுறையைக் கழற்றி, காற்சட்டையைச் சுருட்டி, மண்ணில் ஏறினான். பருத்த உடம்பு, வெளுத்த, நரம்போடிய கால்கள். முதல் அடியிலேயே "ஐயோ, ஐஸு!" என்று அலறினான். மேக்சின் கைதட்டிச் சிரித்தாள். வேடிக்கை பார்க்க நாலு பேர் கூடினார்கள். டெஸ்மண்ட் அவர்களுக்குத் தலைகுனிந்து ஒரு வணக்கம் வைத்துவிட்டு நடக்க ஆரம்பித்தான்.

நாலைந்து சுற்றுக்குப் பிறகு அவன் வேடிக்கை காட்டுவதை நிறுத்திவிட்டான். கண்களை மூடிக்கொண்டான். குதிகாலை வைத்து, மெல்ல உருட்டி, விரல்களை அழுத்தி, அடுத்த அடி. கூடியவர்கள் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். அவன் கவனிக்கவில்லை. எழுபது வயதுக்காரன் மூச்சை அடக்கிக்கொண்டு ஈர மண்ணில் நடந்துகொண்டிருந்தான். அவ்ரில் பார்த்த வரையில் அவன் இவ்வளவு நேரம் வாய் திறக்காமல் இருந்ததே கிடையாது.

ஓரிடத்தில் நின்றான். இடது காலின் பெருவிரலுக்கு அடியில் எதையோ முன்னும் பின்னும் தேய்த்தான்.

"இருக்கு," என்றான் கண்ணைத் திறக்காமலே.

"என்ன இருக்கு?"

"கல்லு. ரொம்பச் சின்னது. ஆனா இருக்கு."

அவனால் குனிய முடியவில்லை. மேக்சின் தன் மழைக்கோட்டோடு மண்ணில் முட்டி போட்டு, அவன் விரலுக்கு அடியில் கையை விட்டுத் தேடினாள். கடுகில் பாதி இருக்கும். அதை உள்ளங்கையில் வைத்து வெளிச்சத்தில் காட்டினாள். மூவரும் தலையோடு தலை முட்டிக்கொண்டு பார்த்தார்கள்.

"அவ்ரில்," என்றான் டெஸ்மண்ட். "தினம் இதைத்தான் பண்ணாரா அவரு?"

"தினமும்தான்."

அவன் அவ்ரிலின் தோளில் ஊன்றியிருந்த கையை எடுத்துவிட்டு, "தள்ளு. அந்த மூலை இன்னும் பாக்கி இருக்கு," என்று நடந்தான்.